கேள்வி பதில்: ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலி பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பம், இப்போ கல்யாணமாகி சென்னையில இருக்கேன். என் வீட்டுக்காரரோட ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒரு சின்ன புக் குடுத்தாரு. அதுல சனிக்கிழமைதான் உண்மையான ஓய்வுநாள், கான்ஸ்டன்டைன் ராஜாதான் அதை ஞாயிறா மாத்தினான், ஞாயிறு ஆசரிக்கிறவங்க வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற அந்த மிருகத்தோட முத்திரை வாங்குவாங்கனு எல்லாம் போட்டிருக்கு. படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல. இன்னொரு பக்கம் மாமியார் ஞாயித்துக்கிழமை துணி துவைக்கக்கூடாதுங்கறாங்க. நான் எந்த நாளை ஆசரிக்கணும்?

பதில்: முதல்ல நல்லா தூங்குங்கம்மா. அந்த முத்திரை விஷயத்தை இப்பவே முடிச்சிடுறேன். புக் குடுத்தவர் அநேகமா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரரா இருப்பாரு. அவங்க சபை போதனைப்படியே, இன்னைக்கு ஞாயிறு கோயிலுக்குப் போற யாருக்கும் அந்த முத்திரை விழுந்துடல, கடைசி காலத்துல சட்டம் போட்டு கட்டாயப்படுத்தும்போதுதான் அந்தப் பேச்சே வரும். அதனால அவங்க கணக்குல பாத்தாலும் நீங்க இப்போ பயப்பட ஒண்ணும் இல்ல.

அடுத்து ரோம ராஜா கான்ஸ்டன்டைன். கி.பி. 321 மார்ச் 7-ஆம் தேதி அவர் ஒரு சட்டம் போட்டது நிஜம்தான், நீதிபதிங்க, ஊர்ல இருக்கிறவங்க, பட்டறைக்காரங்க எல்லாம் சூரியனோட நாள்ல, அதாவது ஞாயித்துக்கிழமை, ஓய்ந்திருக்கணும்னு, விவசாயிக்கு மட்டும் விலக்கு, ஏன்னா விதைக்கிற பதம் தப்பிடுச்சுன்னா போச்சுல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை கூடுற பழக்கத்தை அவர் உண்டாக்கல. அவருக்கு ஏறக்குறைய 170 வருஷம் முன்னாடியே ஜஸ்டின்னு ஒரு ரத்தசாட்சி ரோம்ல உக்காந்து எழுதியிருக்காரு, சூரியனோட நாள்ல டவுன்ல இருக்கிறவங்களும் கிராமத்துல இருக்கிறவங்களும் ஒண்ணா கூடுறோம், வேதம் வாசிக்கிறோம், அப்பம் பிட்கிறோம்னு. அப்போஸ்தலர் 20-லயே துரோவாவுல வாரத்தின் முதல்நாள்ல கூடி அப்பம் பிட்டிருக்காங்க, பவுல் பிரசங்கம் நீண்டுக்கிட்டே போய் ஐத்திகுன்னு ஒரு பையன் தூங்கி மூணாவது மாடியில இருந்து விழுந்தானே அந்தக் கூட்டம்தான் (நம்ம கோயில்ல ஃபேன் காத்துல தூங்குறவங்க கவனிக்கவும்).

அதுக்காக நம்ம பக்கத்து ஆளுங்க சொல்ற மாதிரி "உயிர்த்தெழுந்த அன்னைக்கே ஓய்வுநாள் சனியில இருந்து ஞாயித்துக்கு மாறிடுச்சு"ங்கறதும் சரியில்ல. புதிய ஏற்பாட்டுல ஒரு இடத்துல கூட ஞாயித்துக்கிழமையை ஓய்வுநாள்னு சொல்லல, அன்னைக்கு வேலை செய்யாதேன்னும் சொல்லல. ஆதி விசுவாசிங்க ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிச்சிட்டு வேலைக்குப் போனவங்க, ரோம சாம்ராஜ்யத்துல அவங்களுக்கு யாரு லீவு விட்டா? அதுல நெறைய பேர் அடிமைங்க வேற. நாலாம் நூற்றாண்டுல லவோதிக்கேயாவுல கூடின சபைத் தலைவர்கள் சங்கம் சனிக்கிழமை ஓய்ந்திருக்காதீங்க, வேலை செய்யுங்க, ஞாயித்தை கனம் பண்ணுங்கன்னு ஒரு கட்டளையே போட்டிருக்கு. அப்போ என்ன அர்த்தம்? 300 வருஷம் தாண்டியும் நெறைய கிறிஸ்தவங்க சனிக்கிழமை ஓய்ந்துதான் இருந்திருக்காங்க. எத்தியோப்பியா ஆர்த்தடாக்ஸ் சபையில இன்னைக்கும் ரெண்டு நாளையும் மதிக்கிறாங்க. ஒரு ராஜா ஒரு ராத்திரியில மாத்தினான்னு சொல்றதும் கதை, ஆரம்பத்துல இருந்தே எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாங்கன்னு சொல்றதும் கதை.

ஞாயித்தையே ஓய்வுநாள்னு பேர் சொல்லி, பத்துக் கட்டளையில நாலாவதை, அதான் ஓய்வுநாள் கட்டளையை, அப்படியே தூக்கி அது மேல வச்சது முக்கியமா இங்கிலாந்துல பியூரிட்டன்கள்ங்கற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்காரங்க காலத்து வேலை. 1640-கள்ல எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில அது தெளிவா இருக்கு. அதுக்கு 100 வருஷம் முன்னாடி 1530-ல லுத்தரன்காரங்க ஆக்ஸ்பர்க் அறிக்கையில, சபை அதிகாரத்தை வச்சு ஓய்வுநாளை ஞாயிறா மாத்தினது கட்டாயமான விஷயம்னு நினைச்சா தப்புனு நேர் எதிரா எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஊருக்கு வந்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி.ங்கற இங்கிலாந்து மிஷன் சங்கத்து மிஷனரிங்க அந்த இங்கிலாந்து ஞாயித்துக்கிழமையை கப்பல்ல கூடவே கொண்டு வந்தாங்க. அதனாலதான் நெல்லையில நமக்கு சண்டே ஸ்கூலே "ஓய்வுநாள் பாடசாலை". உங்க மாமியாரோட துணி துவைக்காத சட்டமும் அங்க இருந்து வந்ததுதான், அவங்க கிட்ட இதை இப்படி போய் சொல்லிடாதீங்க.

எங்க ஆச்சியும் அப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலமே மாவு ஆட்டி, தண்ணி எடுத்து, குழம்பு வச்சு முடிச்சிருவா. ஞாயித்துக்கிழமை ஊசியில நூல் கோக்கக்கூடாது, சட்டை பட்டன் அறுந்தா ஊக்கு குத்திக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போகணும். ஆனா எங்க தாத்தா பனையேறி. பனை விஷயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பருவத்துல பாளையை (பனையோட பூக்குருத்து) தினமும் சீவணும், காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா, விட்டா பாளை காஞ்சு அந்த வருஷத்துப் பதனி போச்சு. அதனால ஞாயித்துக்கிழமையும் தாத்தா இருட்டோட மரம் ஏறி கலயத்தை இறக்கிட்டு, குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முதல் மணி அடிக்கும்போது கோயில்ல இருப்பாரு. இறக்கின பதனியை அன்னைக்கே காய்ச்சணும். ஊசியைத் தொடாத எங்க ஆச்சி விடிலியில (பதனி காய்ச்சுற குடிசை) அடுப்பை மூட்டி உக்காந்திருப்பா, கருப்பட்டி பதம் வர்ற வரைக்கும் கிண்டுவா. ஓய்வுநாள்ல வீட்டுல நெருப்பு மூட்டக்கூடாதுனு யாத்திராகமம் 35-ல இருக்குன்னு பாடசாலையில படிச்சிட்டு வந்து நான் பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். கரண்டியை நிறுத்தாமலே சொன்னா: "பதனி ஞாயித்துக்கிழமைனு பாத்து புளிக்காம இருக்குமாலே?" எங்க சபை ஐயருக்கும் (போதகரைத்தான் அப்படிச் சொல்வோம்) தெரியும், அவரு ஒருநாளும் அதைப் பத்தி பிரசங்கத்துல பேசினது இல்ல, கருப்பட்டியும் வாங்கிக்கிட்டுத்தான் போவாரு.

கான்ஸ்டன்டைன் விவசாயிக்கு குடுத்த விலக்கை எங்க ஆச்சி தானாவே எடுத்துக்கிட்டா. ஆடோ மாடோ ஓய்வுநாள்ல கிணத்துல விழுந்தா தூக்க மாட்டீங்களான்னு இயேசு கேட்டாரே, அது அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிஞ்சிருக்கு.

சரி, உங்க கேள்விக்கு நேரா வர்றேன். கிறிஸ்தவங்க ஓய்வுநாளை ஒரு சட்டமா ஆசரிக்க கடமைப்பட்டவங்க இல்லங்கறது என் முடிவு. யாத்திராகமம் 31-ல கர்த்தர் அதை தனக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவுல ஒரு அடையாளம்னு சொல்றாரு. அப்போஸ்தலர் 15-ல எருசலேம்ல கூடி, புறஜாதியில இருந்து வந்தவங்க மேல என்ன சுமத்தலாம்னு பேசினப்போ விக்கிரகத்துக்குப் படைச்சது, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, ரத்தம், இந்த நாலைத்தான் சொன்னாங்க, ஓய்வுநாளைச் சொல்லல. பவுல் கொலோசெயர் 2-ல பண்டிகைநாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாட்கள் இதுகளைக் குறிச்சு ஒருத்தனும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம், அதெல்லாம் நிழல்னு எழுதுறாரு. அது வருஷப் பண்டிகை ஓய்வுநாளைப் பத்தித்தான், வாராந்தர ஓய்வுநாளைப் பத்தி இல்லன்னு அட்வென்டிஸ்ட்காரங்க சொல்வாங்க. ஆனா பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள் இந்த மூணும் ஜோடி சேர்ந்து வர்ற இடங்கள் பழைய ஏற்பாட்டுலயே இருக்கு, 1 நாளாகமம் 23, எசேக்கியேல் 45 பாருங்க, அங்க வாராந்தர ஓய்வுநாளும் அடக்கம். அதனால அந்த வாதம் எனக்கு நிக்கல. ரோமர் 14-ல அவரே இன்னும் தாராளமா, ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒண்ணா எண்ணுறான், அவனவன் தன் மனசுல நிச்சயமா இருக்கட்டும்னு விட்டுட்டாரு.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா ஏமாத்துன மாதிரி ஆயிடும். சனிக்கிழமை ஆசரிக்கிறவங்க கிட்டயும் பலமான வாதம் இருக்கு. தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதிச்சது ஆதியாகமம் 2-ல, அப்போ மோசேயும் இல்ல இஸ்ரவேலும் இல்ல. மத்த ஒன்பது கட்டளையும் வேணும், இது மட்டும் வேண்டாமான்னு கேக்குறாங்க, அது நியாயமான கேள்வி. கிண்டல் பண்ற விஷயம் இல்ல. நம்ம மண்ணுலயே 1857-ல நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துல சட்டாம்பிள்ளைனு கூப்பிடப்பட்ட அருமைநாயகம், எபிரெயு கிரேக்கம் எல்லாம் படிச்ச மனுஷன், மிஷனரிங்களோட முட்டிக்கிட்டு வெளிய வந்து தனி சபை ஆரம்பிச்சாரு. வெள்ளைக்காரன் சொல்ற ஞாயிறு எதுக்கு, வேதத்துல இருக்கிறது சனிதானேன்னு சனிக்கிழமையை ஓய்வுநாளா வச்சாரு, பழைய ஏற்பாட்டுப் பண்டிகை எல்லாம் கொண்டு வந்தாரு. ஏறக்குறைய 50 வருஷம் கழிச்சு அட்வென்டிஸ்ட் மிஷனரிங்க அந்தப் பக்கம் வந்தப்போ, யாரும் சொல்லிக்குடுக்காமலே தமிழாளுங்க சனிக்கிழமை ஆசரிச்சிட்டு இருக்கிறதைப் பாத்தாங்க. அதனால அது அமெரிக்காக்காரன் சரக்குனு தள்ளிடவும் முடியாது.

உங்களுக்கு சனிக்கிழமை மனசாட்சிப்படி பட்டா ஆசரிங்க, ஞாயிறு கோயிலுக்குப் போறவங்களை மட்டும் நியாயந்தீர்க்காதீங்க. இல்லன்னா இப்போ போற மாதிரி போங்க. மாமியார் கூட இருக்கிற வரைக்கும் துணியை சனிக்கிழமையே மெஷின்ல போட்டுடுங்க, அதுல வேதத்துக்கு விரோதமா ஒண்ணும் இல்ல.

கேள்வி: நாங்க கடற்கரை கத்தோலிக்கர். எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. ஆனா இப்போ டவுன்ல சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறு பூசை வைக்கிறாங்க. அதுல போனா கடமை முடிஞ்சுதா? அப்போ ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகலாமா?

பதில்: பூசைக் கடமை முடிஞ்சுது. உங்க திருச்சபை சட்டத்துல முந்தின நாள் சாயங்காலப் பூசையையும் கணக்குல எடுத்துக்கிறாங்க, யூத வழக்கப்படி நாள் சாயங்காலத்துலயே ஆரம்பிக்கிற பழைய முறை அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா அதே சட்டத்துல ஞாயித்துக்கிழமை தேவையில்லாத வேலையை ஒதுக்கணும்னும் இருக்கு, ரெண்டும் தனித்தனி. ஊரே கட்டுப்பாடா ஒருநாள் வள்ளம் இறக்காம இருக்கிறது பெரிய விஷயம்ங்க, ஒருத்தன் மட்டும் போய் மீனை அள்ளிட்டு வந்தா அடுத்த வாரம் பத்து பேர் போவாங்க, அப்புறம் யாருக்குமே லீவு கிடையாது. கரையில வலை காயுற அந்த ஒரு நாளை விட்டுடாதீங்க.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். மாசத்துல மூணு ஞாயிறு டியூட்டி விழுது. எங்க போதகர், ஆதாயத்துக்காக கர்த்தருடைய நாளை விக்கிறவங்கன்னு பிரசங்கத்துல என்னைப் பாத்துக்கிட்டே பேசுறாரு. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: விடாதீங்க தங்கச்சி. லூக்கா 13-ல 18 வருஷமா கூனிக்கிடந்த ஒரு பொம்பளையை இயேசு ஓய்வுநாள்லதான் நிமிர்த்துனாரு. ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டு, அதையும் இயேசுகிட்ட நேரா சொல்ல தைரியம் இல்லாம ஜனங்களைப் பாத்து, வேலை செய்ய ஆறு நாள் இருக்கே அப்போ வந்து சொஸ்தமாகிட்டுப் போங்கன்னான். உங்க போதகருக்கு அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்க, நீங்க சொல்ல வேணாம், சபை மூப்பர் யாராவது சொல்லட்டும். யூத ரபிமாரே உயிரைக் காப்பாத்துறதுக்காக ஓய்வுநாளை மீறலாம், மீறியே ஆகணும்னு சொல்றவங்க.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் கதை எல்லா சண்டே ஸ்கூல்லயும் சொல்வாங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் ஓட்டத்தோட ஹீட்ஸ் ஞாயித்துக்கிழமை வந்ததால ஓட மாட்டேன்னுட்டாரு, அவரோட பெஸ்ட் ஓட்டமே அதுதான். பதிலுக்கு 400 மீட்டர் ஓடி 47.6 செகண்ட்ல தங்கம் வாங்கினாரு. நம்ம ஆளுங்க கதையை இங்கயே நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் அவர் மிஷனரியா சீனாவுக்குப் போனதும், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்க வெய்ஷியன்ங்கற இடத்துல முகாம்ல அடைச்சதும் யாரும் சொல்றது இல்ல. அந்த முகாம்ல பசங்களுக்கு விளையாட்டு ஏற்பாடு பண்ணினவரு அவருதான், ஆனா ஞாயித்துக்கிழமை கிடையாதுன்னாரு. பசங்க கேக்காம ஞாயித்துக்கிழமை அவங்களாவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாம அடிதடியில முடிஞ்சுது. அடுத்த ஞாயிறு லிடெல் விசிலோட கிரவுண்டுல வந்து நின்னாரு. ஒலிம்பிக்ஸ் தங்கத்துக்காக உடைக்காத ஞாயித்தை, முள்வேலிக்குள்ள அடைபட்ட பசங்க ஒருத்தனை ஒருத்தன் மண்டையை உடைக்கக்கூடாதுன்னு உடைச்சாரு. 1945-ல விடுதலைக்கு சில மாசம் முன்னாடி அங்கயே மூளைக் கட்டியில செத்துப்போனாரு.

நீங்க பண்றது அந்த ரெண்டாவது ஞாயித்து வேலை. ஆனா வாரத்துல ஒரு நாள் ஆஃப் கிடைக்கும்ல, அன்னைக்கு எக்ஸ்ட்ரா காசுக்காக டபுள் டியூட்டி எடுக்குறீங்கன்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க.

கேள்வி: ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பிரியாணி ஆர்டர் பண்ணி சாப்பிடலாமா? வீட்டுல சண்டை. (சீரியஸாதான் கேக்குறேன் அண்ணாச்சி.)

பதில்: நீங்க சீரியஸா கேட்டதாலதான் கடைசியில வச்சேன், இது இந்தப் பக்கத்துலயே பெரிய கேள்வி. உபாகமம் 5-ஐ எடுத்துப் பாருங்க. யாத்திராகமத்துல ஓய்வுநாளுக்கு காரணம் படைப்பு, உபாகமத்துல காரணம் மாறுது: நீ எகிப்துல அடிமையா இருந்ததை நினைச்சுக்கோ. அதனால உன் வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, உன் வாசல்ல இருக்கிற அந்நியன் எல்லாரும் உன்னை மாதிரி ஓய்ந்திருக்கட்டும். லீவே இல்லாத அடிமைங்களுக்கு தேவன் குடுத்த லீவு சட்டம் அது. நம்ம நாட்டுலயும் ஞாயிறு லீவு வானத்துல இருந்து விழல, 1890-ல பம்பாய் மில் தொழிலாளிங்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி வாங்கிக் குடுத்தது, அவர் கிறிஸ்தவர் கூட இல்ல, சமூக சீர்திருத்தக்காரர் ஜோதிராவ் பூலேயோட சீடர். நாமதான் நாலாம் கட்டளையில "நீ வேலை செய்யாதே"ங்கறதை மட்டும் பிடிச்சிக்கிட்டு மீதியை விட்டுட்டோம்.

பிரியாணி கொண்டு வர்ற தம்பிக்கு அன்னைக்குத்தான் நாலு காசு கிடைக்கும், நீங்க ஆர்டர் பண்ணலன்னா அவனுக்கு ஓய்வு கிடைக்காது, பட்டினிதான் கிடைக்கும். சாப்பிடுங்க, வெயில்ல வந்தவனுக்கு தண்ணி குடுங்க, டிப்ஸ் குடுங்க.

எங்க வீட்டுக் கதையையும் சொல்லிடுறேன். பாத்திரம் விளக்க வர்ற அம்மா ஞாயித்துக்கிழமையும் வந்துட்டு இருந்தாங்க, நான் ஆராதனையில நாலாம் கட்டளையை சத்தமா சொல்லிட்டு வந்து அவங்க விளக்கின தட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன், வருஷக்கணக்கா, உறைக்கவே இல்ல. ஒருநாள் உறைச்சு, இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்கம்மா, சம்பளம் பிடிக்க மாட்டோம்னு பெருந்தன்மையா சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா அவர் குடிச்சிட்டு வந்து உக்காந்திருப்பாரு சார், எனக்கு செவ்வாய்க்கிழமை குடுங்க, குழு மீட்டிங் இருக்கு, அப்படியே மாரியம்மன் கோயிலுக்கும் போயிட்டு வருவேன்"னாங்க. இப்போ செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுல பாத்திரம் நான்தான் விளக்குறேன், குக்கர் அடிப்பிடிச்சா மட்டும் புதன்கிழமைக்கு வச்சிடுறேன்.